வசதி என்றால் கம்ஃபர்டபிளா, கன்வீனியண்டா? தடுமாறியவன் எழுதும் வழிகாட்டி

போன வருடம் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை வர முடியுமா என்று மெயில். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள், நாற்காலியை விட்டு நகர முடியாது. ‘வியாழன் எனக்கு வசதிப்படாது’ என்று மனதில் ஓடியதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி, ‘ஐ ஆம் நாட் கம்ஃபர்டபிள் ஆன் தர்ஸ்டே’ என்று அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. அந்த எச்ஆர் மேடம் தணிந்த குரலில், “ஏதாவது பிரச்சினையா சார்? பேனல்ல இருக்கிற யாரையாவது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்கு முடிக்கும் கதையை விளக்கினேன். சிரித்துவிட்டு, திங்கட்கிழமை சரியா என்றார். சரி, இந்த முறை தப்பு வரக்கூடாது என்று யோசித்து யோசித்து, ‘ஐ ஆம் கன்வீனியண்ட் ஆன் மண்டே’ என்று உறுதி மெயில் போட்டேன். அதுவும் தப்பு.

அந்த வேலை கிடைக்கவில்லை. இந்த இரண்டு மெயில்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்தும் வேலைக்கு விண்ணப்பித்தவன், கதவைத் தட்டும்போதே இரண்டு முறை தடுக்கி விழுந்தது உண்மை.

இரண்டுமே அரிய சொற்கள் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி கம்ஃபர்டபிளை ஏ2 என்ற தொடக்க நிலையிலும், கன்வீனியண்டை அதற்கு அடுத்த படியான பி1 நிலையிலும் வைத்திருக்கிறது. பள்ளியில் படித்த காலத்திலேயே எனக்கு இரண்டுக்கும் பொருள் தெரியும், ‘வசதியான’ என்று. இரண்டுக்கும் அதே ஒரு பொருள். என் சிக்கலே அதுதான். அதிலிருந்து வெளியே வர நான் செய்தவற்றை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். புதிதாக வேலைக்குப் போகிறவர்களும், முதன்முதலாக ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தொடங்குகிறவர்களும் என்னைப் போல அலைய வேண்டாம்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

முதல் ஆவணம் நீங்கள் அனுப்பிய மெயில்கள்தான். மெயில் பெட்டியில் அனுப்பியவை பகுதிக்குப் போய் இந்த இரண்டு சொற்களையும் தனித்தனியே போட்டுத் தேடுங்கள். ஒரு வருடத்தில் எனக்கு 23 மெயில் அகப்பட்டது. அதில் 9 தப்பு. புத்தகத்தில் இருக்கும் பயிற்சியைவிட, நம் கையெழுத்தில் இருக்கும் தப்பு சீக்கிரம் மண்டையில் ஏறும். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

இரண்டாவது, ஒரு 40 பக்க நோட்டு. மூன்றாவது, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் ஆங்கில–ஆங்கில அகராதி. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். போனில் இருக்கும் ஆங்கிலம்–தமிழ் செயலியை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அது இரண்டுக்கும் ‘வசதியான’ என்று காட்டிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடும். நான்காவதாக, ஸ்கெல் (SkELL) என்ற தளம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் வாக்கியங்களை 40 வரை வரிசையாகக் காட்டும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, காசும் இல்லை.

ஆகச் செலவு நோட்டுக்கு மட்டும். நான் இதற்கு முன்பு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 6,000 ரூபாய் கட்டி இரண்டு மாதம் உட்கார்ந்தேன். கடைசிவரை இந்த இரண்டு சொற்களும் அங்கே வரவில்லை. நேரம் என்று பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம். அவ்வளவுதான் எனக்கு ஆனது.

1. ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றவற்றை வேகமாகப் படித்தாலும் இதில் நிதானமாக நில்லுங்கள்.

தமிழில் ‘வசதி’ ஒரு பெரிய மூட்டை. அதை அவிழ்த்தால் உள்ளே குறைந்தது நான்கு பொருள் கிடக்கும். ‘இந்த நாற்காலி வசதியா இருக்கு’ என்கிறோம், உடம்புக்குச் சுகம். ‘நாளைக்கு வசதிப்படுமா’ என்கிறோம், நேரம் ஒத்துவருமா என்று கேள்வி. ‘எங்க ஊருக்கு பஸ் வசதி கிடையாது’ என்கிறோம், பஸ்ஸே இல்லை. ‘அவங்க வசதியான குடும்பம்’ என்றால் பணம். நான்குக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். ‘சௌகரியம்’ போட்டாலும் இதே கதைதான், அதுவும் சுகத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கட்டிய இன்னொரு மூட்டை.

எனக்கு வழி காட்டியது எங்கள் அம்மாச்சியின் பேச்சு. மதுரைப் பக்கம் ‘தோது’ என்று ஒரு சொல் உண்டு. ‘கல்யாணத்துக்குப் போறதுக்கு அந்த பஸ்தான் தோது’, ‘தோதுப்பட்டா வாரேன்’, ‘கடைக்குத் தோதான இடம்’. இவை எல்லாமே கன்வீனியண்ட்! ஒரு வேலையை முடிக்க நேரமும் இடமும் வழியும் ஒத்துவருவதுதான் தோது. இதில் உடம்புக்குச் சுகமா இல்லையா என்ற கேள்வியே எழாது. அந்தத் தோதான பஸ்ஸில் அம்மாச்சி பாதி வழி நின்றுகொண்டுதான் போவார்.

கம்ஃபர்டபிளுக்கு ‘சுகம்’, ‘இதம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் சம்பந்தப்பட்டால் ‘தயக்கமில்லை’, ‘கூச்சமில்லை’. நாற்காலி உடம்புக்குச் சுகம். புது ஆட்களோடு பேசத் தயக்கமில்லை. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கும்.

ஆகவே வாக்கியத்தில் ‘வசதி’ வந்ததும் அதை எடுத்துவிட்டு ‘தோது’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் கன்வீனியண்ட். ‘சுகம்’ அல்லது ‘தயக்கமில்லை’ பொருந்தினால் கம்ஃபர்டபிள். இரண்டுமே பொருந்தாவிட்டால் இரண்டையுமே எழுதாதீர்கள். பஸ் வசதி இல்லை என்பதற்கு ‘தேர் இஸ் நோ பஸ்’ போதும். வசதியான குடும்பத்துக்கு ‘வெல் ஆஃப்’. ‘கம்ஃபர்டபிள் ஃபேமிலி’ என்று பொதுவாகச் சொல்வதில்லை, ‘கம்ஃபர்டபிள் லைஃப்’ என்பார்கள்.

என் முதல் மெயிலை இந்தச் சோதனையில் போட்டேன். ‘வியாழன் எனக்குத் தோதுப்படாது’ பொருந்துகிறது. நான் எழுதியதைத் தமிழாக்கினால் ‘வியாழக்கிழமை எனக்கு ஏதோ ஒரு மாதிரி இருக்கும், மனசு ஒப்பவில்லை’ என்று வருகிறது. அந்த மேடம் ஏன் குரலைத் தணித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

பழக ஒரு நல்ல இடம் ரயில் டிக்கெட். ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் போட்டால் கன்வீனியன்ஸ் ஃபீ என்று ஒரு தொகை சேரும். யுபிஐயில் கட்டினால் ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20. கார்டு, நெட் பேங்கிங் என்றால் 15, 30. ஜிஎஸ்டி தனி. எதற்கு இந்தக் காசு? கவுன்டரில் போய் வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே முடித்த தோதுக்கு. இதைக் கட்டினீர்கள் என்பதற்காகப் படுக்கை மெத்தென்று ஆகிவிடாது. சைடு லோயரில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு போகும்போது நினைத்துப் பாருங்கள், பதிவு செய்தது கன்வீனியண்ட், படுத்திருப்பது கம்ஃபர்டபிள் அல்ல. இந்த ஒரு படத்தை மனதில் ஒட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் லாட்ஜ்: ரயில் பிடிக்கக் கன்வீனியண்ட், கொசுவால் தூக்கம் இல்லை, ஆகவே கம்ஃபர்டபிள் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் சித்தப்பா வீடு: காற்றும் சாப்பாடும் அருமை, கம்ஃபர்டபிள். காலை ஐந்து மணி ரயிலுக்கு அங்கிருந்து வருவது கன்வீனியண்ட் இல்லை. இப்படி உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஆறேழு ஜோடி எழுதுங்கள். வெளியூர் உதாரணம் வேண்டாம், ஒட்டாது.

2. வாக்கியத்தின் தலையில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்

என் இரண்டாவது மெயிலின் தப்பு இங்கே இருக்கிறது. கம்ஃபர்டபிளுக்கு முன்னால் ஆள் வரலாம், பொருளும் வரலாம். ‘ஐ ஆம் கம்ஃபர்டபிள்’ சரி, ‘த சேர் இஸ் கம்ஃபர்டபிள்’ சரி. கன்வீனியண்டுக்கு முன்னால் ஆள் வரக்கூடாது. நேரம், இடம், வழி, ஏற்பாடு இவைதான் வரும். ‘மண்டே இஸ் கன்வீனியண்ட் ஃபார் மீ’ சரி. ‘ஐ ஆம் கன்வீனியண்ட்’ என்றால் நானே ஒரு தோதான பொருள் என்று ஆகிவிடும், பக்கத்து வீட்டு ஏணி மாதிரி.

தமிழிலும் இது அப்படித்தானே. ‘நான் திங்கட்கிழமை தோது’ என்று யாராவது சொல்வார்களா? ‘திங்கட்கிழமை எனக்குத் தோது’. வாக்கிய அமைப்பு நம் மொழியிலேயே சரியாக இருக்கிறது. ஆங்கிலம் என்றதும் எல்லாவற்றையும் ‘ஐ ஆம்’ என்று தொடங்கும் பழக்கம்தான் நம்மைக் கவிழ்க்கிறது.

கேள்வியிலும் இதே கண்ணி உண்டு. ‘ஆர் யூ கன்வீனியண்ட் டுமாரோ?’ என்று தினமும் யாராவது எனக்கு எழுதுகிறார்கள். ‘இஸ் டுமாரோ கன்வீனியண்ட் ஃபார் யூ?’ என்று திருப்பிப் போடுங்கள்.

3. பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லைச் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்

தனிச் சொல்லாகப் படித்தால் இரண்டு நாளில் கலந்துவிடும். வாலோடு சேர்த்துப் படியுங்கள்.

கம்ஃபர்டபிளின் வால் பெரும்பாலும் ‘வித்’. நேர்முகத் தேர்வில் இது மழை மாதிரி பொழியும். ‘ஆர் யூ கம்ஃபர்டபிள் வித் நைட் ஷிஃப்ட்ஸ்?’ என்று கேட்டால் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று அர்த்தம். ‘ஆர் யூ கம்ஃபர்டபிள் வித் எக்செல்?’ என்றால் கை பழகியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘ஆர் யூ கம்ஃபர்டபிள் வித் திஸ் ஃபிகர்?’ என்றால் இந்தச் சம்பளத்துக்குச் சம்மதமா என்று. மூன்றிலும் நாற்காலியின் சுகம் எங்கேயும் இல்லை, மூன்றுமே ‘தயக்கமில்லை’ பக்கம்.

இங்கே ஒரு நுணுக்கம். இரவு வேலை பற்றிக் கேட்கும்போது ‘நைட் ஷிஃப்ட் இஸ் கன்வீனியண்ட் ஃபார் மீ’ என்று சொன்னால் இலக்கணத் தப்பு இல்லை. ஆனால் அர்த்தம் மாறும். பகலில் எனக்கு வேறு வேலை இருக்கிறது, அதனால் இரவு தோது என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கேள்வி ‘பகலில் என்ன செய்கிறீர்கள்?’ என்று வரும். சம்மதத்தை மட்டும் சொல்ல ‘ஐ ஆம் கம்ஃபர்டபிள் வித் இட்’ போதும்.

வினைச்சொல் சேர்க்க வேண்டுமென்றால் ‘ஐஎன்ஜி’ வடிவம்: ‘ஐ ஆம் கம்ஃபர்டபிள் ஸ்பீக்கிங் இன் ஃப்ரண்ட் ஆஃப் பீப்பிள்’. நம் ஊரில் ‘கம்ஃபர்டபிள் டு ஸ்பீக்’ என்று எழுதுபவர்கள் நிறைய. ஆள் தலையில் இருக்கும்போது ‘டு’வைத் தவிர்த்துவிடுங்கள். பொருள் தலையில் இருந்தால் ‘டு’ வரலாம்: ‘தீஸ் ஷூஸ் ஆர் கம்ஃபர்டபிள் டு வேர்’.

கன்வீனியண்டின் வால் ‘ஃபார்’. ‘கன்வீனியண்ட் ஃபார் மீ’. இடத்தோடும் இது வரும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு வீட்டு விளம்பரத்தில் ‘கன்வீனியண்ட் ஃபார் த ஸ்டேஷன்’ என்று இருந்தால் ஸ்டேஷனுக்குப் பக்கம் என்று பொருள். அமெரிக்கர்கள் அங்கே ‘டு’ போடுவார்கள். ஸ்டேஷனுக்கு இந்த வீட்டால் என்ன வசதி என்று நான் ஒரு முறை குழம்பி நின்றிருக்கிறேன்.

4. எதிர்ச்சொல்லில் கவனம்

கம்ஃபர்டபிளுக்கு அன்கம்ஃபர்டபிள், கன்வீனியண்டுக்கு இன்கன்வீனியண்ட். ‘அன்கன்வீனியண்ட்’ கிடையாது. பெயர்ச்சொல்லில் டிஸ்கம்ஃபர்ட், இன்கன்வீனியன்ஸ். ‘அன்’, ‘டிஸ்’, ‘இன்’ மூன்றையும் நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், இதற்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் வரும் அறிவிப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் இன்கன்வீனியன்ஸுக்கு வருந்துவார்கள். அதே இடத்தில் தமிழில் ‘சிரமம்’ என்றோ ‘அசௌகரியம்’ என்றோ கேட்டிருப்பீர்கள். நேரம் கெட்டுப்போனதற்கான வருத்தம் அது. பெஞ்ச் கடினமாக இருந்ததற்கு அல்ல.

அன்கம்ஃபர்டபிளை அலுவலகத்தில் மிகவும் பார்த்துப் பயன்படுத்துங்கள். ஓர் ஆளைப் பற்றியோ ஒரு பேச்சைப் பற்றியோ ‘ஐ ஃபெல்ட் அன்கம்ஃபர்டபிள்’ என்று எழுதினால், அது புகாரின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். உண்மையிலேயே புகார் செய்ய வேண்டியிருந்தால் அதுதான் சரியான சொல், தயங்காமல் எழுதுங்கள். மீட்டிங் அறை தொலைவு என்று சொல்ல வந்தவர் அதை எழுதினால் ஊரே கூடிவிடும்.

5. மெயிலில் அடிக்கடி வரும் நான்கு இடங்கள்

முதலில், நேரம் கேட்பது. ‘ப்ளீஸ் லெட் மீ நோ யுவர் கன்வீனியண்ட் டைம்’ என்பது நம் நாட்டு அலுவலகங்களில் புழங்கும் வாக்கியம். இந்தியாவுக்குள் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘எ டைம் தட் இஸ் கன்வீனியண்ட் ஃபார் யூ’ என்று மாற்றுங்கள். நான்கே சொல் கூடுகிறது.

அடுத்தது நான் நிறையப் பேர் விழுந்து பார்த்த குழி. ‘அட் யுவர் கன்வீனியன்ஸ்’ என்றால் உங்களுக்குத் தோதுப்படும்போது, அவசரமில்லை. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்றால் கூடிய சீக்கிரம். நடுவில் அந்த ஒரு சொல் வந்ததும் மரியாதைப் போர்வைக்குள் ஒரு தள்ளு இருக்கிறது. ஒரு வங்கியோ வீட்டு உரிமையாளரோ இப்படி எழுதினால், மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்து இரண்டு வாரம் வைத்திருக்காதீர்கள். ஆவணம் கேட்டு இப்படி ஒரு மெயில் வந்தால் நான் இப்போது இரண்டு வேலை நாளுக்குள் அனுப்பிவிடுகிறேன். முன்பு ஒரு முறை ஒன்பது நாள் வைத்திருந்து, ‘ரிமைண்டர்’ என்று தலைப்பிட்ட மெயில் வாங்கினேன்.

மூன்றாவது, மறுப்பது. நாள் ஒத்துவரவில்லை என்றால் ‘தர்ஸ்டே இஸ் நாட் கன்வீனியண்ட் ஃபார் மீ’ என்று மொட்டையாக நிறுத்தாதீர்கள், கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒலிக்கும். பக்கத்திலேயே மாற்று நாள் ஒன்றைக் கொடுங்கள். ‘அன்ஃபார்சுனேட்லி’ என்று தொடங்கினால் இன்னும் மென்மையாகும்.

நான்காவது, மன்னிப்பு. ‘ஸாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ்’ நல்ல வாக்கியம்தான், ஆனால் நாம் அதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறோம். எதற்கு மன்னிப்பு என்று ஒரு சொல் சேர்த்தால் படிப்பவருக்கு மதிப்பாக இருக்கும்.

6. உச்சரிப்பு: ஐந்து நிமிட வேலை

கம்ஃபர்டபிளை நாம் ‘கம்-ஃபோர்ட்-ட-பிள்’ என்று நான்காக உடைத்து ‘ஃபோர்ட்’ மேல் ஏறி உட்காருகிறோம். ஆங்கிலம் பேசுபவர்களில் பெரும்பாலோர் மூன்றாகத்தான் சொல்கிறார்கள், ‘கம்ஃப்-ட-பிள்’. அழுத்தம் முதல் அசையில். கன்வீனியண்டில் அழுத்தம் இரண்டாவது அசையான ‘வீ’யில். மேலே சொன்ன அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கேட்கும். ஐந்து முறை கேட்டு ஐந்து முறை சொல்லுங்கள்.

7. அகராதியில் கண்டு பயப்பட வேண்டாத பொருள்கள்

அகராதியைத் திறந்தால் இன்னும் சில பொருள்கள் எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் முதல் நாளே மனப்பாடம் செய்யாதீர்கள், எதிரில் வந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

தேர்தல், கிரிக்கெட் செய்திகளில் ‘எ கம்ஃபர்டபிள் வின்’ வரும். மூச்சு வாங்காமல், நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்று பொருள். மருத்துவமனையில் ‘த பேஷண்ட் இஸ் கம்ஃபர்டபிள்’ என்றால் வலி பெரிதாக இல்லாமல் அமைதியாக இருக்கிறார் என்பதுதான். குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் உறவினர் சிகிச்சையில் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

கன்வீனியண்டுக்கு ஒரு குத்தல் முகமும் உண்டு. ‘ஹவ் கன்வீனியண்ட்!’ என்று யாராவது இழுத்துச் சொன்னால் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லாதீர்கள். உனக்கு நல்லாத் தோதா அமைஞ்சுபோச்சே, நம்ப முடியலையே என்கிறார்கள். இதே தொனி நம்மிடமும் இருக்கிறது. ‘வாங்கின கடனை வசதியா மறந்துட்டாரு’ என்கிறோமே, அதை ‘கன்வீனியண்ட்லி ஃபர்காட்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றலாம். இரண்டு மொழியும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான் எனக்கு அகப்பட்டது.

போகிற போக்கில் ஒன்று. பிரிட்டனில் ‘பப்ளிக் கன்வீனியன்சஸ்’ என்று பலகை இருந்தால் அது பொதுக் கழிப்பறை. பிலிப்பைன்ஸில் கழிப்பறைக்கு ‘கம்ஃபர்ட் ரூம்’ என்று பெயர். இவ்வளவு நேரம் பிரித்துப் பிரித்துப் பார்த்த இரண்டு சொற்களும் கடைசியில் ஒரே வாசலில் போய் நிற்கின்றன!

8. தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு இந்த ஜோடி அடிக்கடி தேவைப்படும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, படிப்பு பற்றித்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டில் பிடித்தது என்ன, எதில் பயணம் செய்வீர்கள் என்றால் நம் வாயில் முதலில் வருவது ‘வசதி’தான். மதிப்பெண் நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது, அதில் ஒன்று சொல்வளம், அதாவது கால் பங்கு. ‘பைக் கன்வீனியண்ட், பஸ் கம்ஃபர்டபிள்’ என்று இரண்டையும் பிரித்து ஒரே பதிலில் சொல்லிவிட்டு, ஏன் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

வேலைக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி ஒரு கடிதம். குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். சந்திக்க நேரம் கேட்பதும், ஏற்பாட்டை மாற்றச் சொல்வதும் இப்படிப்பட்ட கடிதங்களில் சாதாரணம். ஐந்தாவது படியில் சொன்ன வாக்கியங்கள் அப்படியே உதவும்.

கட்டணம் இந்தியாவில் 17,000 ரூபாய்க்குக் குறையாது, பதிவு செய்யும் அன்று தளத்தில் சரியான தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் வேண்டும், தேர்வு நாளில் அசல்தான் செல்லும், நகல் எடுத்துக்கொண்டு போய் வாசலில் கெஞ்சாதீர்கள். மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் ஏற்பார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் தேதியைக் கணக்குப் போட்டுவிட்டுத் தேர்வு நாளைக் குறியுங்கள். இந்த இரண்டு சொல்லுக்கான இரண்டு வாரத்தைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் புதிதாகப் பழகினால் பதற்றத்தில் பழைய ‘ஐ ஆம் கன்வீனியண்ட்’ தான் வெளியே வரும். எனக்கு மாதிரித் தேர்வில் அப்படித்தான் வந்தது.

9. தப்பாக அனுப்பிவிட்டால்

கூச்சத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள். மெயில் போன ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஒரே வரியில் திருத்தம் அனுப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இலக்கணம் பற்றி அதில் விளக்கம் எழுத வேண்டாம். எதிராளிக்கு வேண்டியது நாளும் நேரமும் மட்டும். அர்த்தம் மாறாத சின்னத் தப்பு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ‘ஐ ஆம் கன்வீனியண்ட்’ என்று எழுதினாலும் அவருக்குப் புரிந்திருக்கும். ‘ஐ ஆம் நாட் கம்ஃபர்டபிள்’ என்று போயிருந்தால் மட்டும் உடனே திருத்துங்கள், அல்லது போன் போட்டுப் பேசிவிடுங்கள்.

அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டியதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், கிழமையை மட்டும் மாற்றினால் போதும்: ‘அன்ஃபார்சுனேட்லி, தர்ஸ்டே இஸ் நாட் கன்வீனியண்ட் ஃபார் மீ. வுட் மண்டே ஆஃப்டர்நூன் பி கன்வீனியண்ட் ஃபார் யூ?’